வேலுதாவின் டேப் லைப்ரரி

கல்கத்தாவில், சால்ட் லேக் செக்டர் ஃபைவில் இருக்கிற அந்த அலுவலகத்தில் வேலாயுதத்தை யாரும் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வங்காளிகளுக்கு அவர் வேலுதா. வேலு அண்ணன் என்று அர்த்தம். அவரைவிட வயதில் மூத்த மேலாளர் தேபாஷிஷ் தத்தாகூட அப்படித்தான் கூப்பிடுவார். அதில் மரியாதை எவ்வளவு, தங்கள் காரியம் நடக்க வேண்டும் என்கிற எண்ணம் எவ்வளவு என்று வேலாயுதம் பிரித்துப் பார்த்ததில்லை. இரண்டும் அவருக்கு இனிப்பாகவே இருந்தன.

கம்பெனிக்கு வங்காளம் முழுக்க ஸ்கேன் மையங்கள். ஹவுராவிலோ பர்தமானிலோ சிலிகுரியிலோ யாருடைய தலையையும் முதுகெலும்பையும் படம் எடுத்தாலும் அந்தப் படம் செக்டர் ஃபைவுக்கு வந்து சேரும். அங்கே குளிரூட்டிய ஓர் அறையில் சர்வர்கள் வரிசையாக நின்றன. மையத்துக்கு ஒரு சர்வர். அவற்றில் இருக்கும் படங்களுக்கு நகல் எடுத்து டேப்பில் எழுதி வைப்பது வேலாயுதத்தின் வேலை. சர்வரின் டிஸ்க் என்றைக்காவது செத்துப்போனால் டேப்பில் இருப்பதுதான் மிச்சம்.

டேப்புகள் இருந்தது ஆள் உயர இரும்புப் பெட்டி ஒன்றில். டேப் லைப்ரரி என்பார்கள். முன்பக்கம் கண்ணாடி. உள்ளே இரண்டு பக்கமும் டேப்புகள் அடுக்கியிருக்க, நடுவில் ஓர் இயந்திரக் கை ஏறி இறங்கும். கேட்ட டேப்பை உருவி, அடியில் இருக்கும், டேப்பில் எழுதுகிற நான்கு டிரைவ்களில் ஒன்றில் செருகும். அந்தப் பெட்டி வேலாயுதத்தின் சர்வரோடு மட்டும் கேபிள் போட்டு இணைக்கப்பட்டிருந்தது. வேறெந்த சர்வராலும் அதைத் தொட முடியாது. மற்ற சர்வர்கள் தங்கள் படங்களை ஆபீஸ் நெட்வொர்க் வழியாக அவருடைய சர்வருக்கு அனுப்பவேண்டும். அது வாங்கி டேப்பில் எழுதும். எல்லாம் ஒரே வழியில் போவதால் நெரிசல். ராத்திரி ஆரம்பித்த வேலை மறுநாள் மத்தியானம்வரை இழுக்கும். யாருக்கு முதலில், யாருக்குப் பிறகு என்று முடிவு செய்கிறவர் வேலாயுதம்.

அதனால் அவருடைய மேஜைக்கு ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். "அரே வேலுதா, இன்னிக்கு எங்க பர்தமானைக் கொஞ்சம் முன்னாடி போட்டுடுங்க" என்று ஒருவர் வருவார். துர்கா பூஜோ சமயத்தில் சந்தேஷ் இனிப்புப் பெட்டி வரும். கரக்பூர் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவருடைய மகன் வேலாயுதம். ரயில்வே குடியிருப்பில் ஹிந்தியும் தெலுங்கும் கேட்டு வளர்ந்தார். வங்காளி அவருக்குத் தாமதமாக வந்த பாஷை. பாதி வாக்கியத்தில் ஹிந்திக்குத் தாவிவிடும். டீக்கடையில் அலுவலகமே வட்டம் கட்டி நின்று அட்டா என்கிற அரட்டை அடிக்கும்போது, எல்லோரும் சிரித்து முடித்தபின் ஒரு கணம் தாமதித்துச் சிரிக்கிறவராகவே அவர் இருந்தார். அந்தக் குறையை டேப் லைப்ரரி ஈடுகட்டியது. வட்டத்தில் அவர் பேச்சு எடுபடாவிட்டாலும், வட்டத்தில் இருந்தவர்கள் அவரிடம் வந்துதான் ஆகவேண்டும்.

பூஜோ முடிந்து குளிர் தொடங்கிய நேரத்தில் ஸ்மிதா வேலைக்குச் சேர்ந்தாள். லேக் கார்டன்ஸில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். அப்பா வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் நாளே அவள் வேலாயுதத்தின் மேஜைக்கு வந்து, "சார், நீங்க தமிழாமே! அப்பாடா, எனக்கு இங்க பேச ஒரு ஆள் கிடைச்சுது" என்றாள். அவருக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்குப் போய் மனைவி சாவித்ரியிடம் சொன்னார். மறுநாள் சாவித்ரி பருப்புப்பொடி ஒரு டப்பாவில் கொடுத்தனுப்பினாள்.

இருவரும் ஒரே மெட்ரோவில் போக நேர்ந்தது. அவள் ரபீந்திர ஸரோபரில் ஏறுவாள்; அவர் அடுத்த நிலையமான காளிகாட்டில். எஸ்பிளனேடில் இறங்கி ரயில் மாறி செக்டர் ஃபைவ்வரை பேசிக்கொண்டே போவார்கள். அவளுடைய தமிழில் வங்காளி வார்த்தைகள் தாராளமாக வந்து விழும். "அது ஒரு மாதிரி நேக்கா பொண்ணு சார்" என்பாள். நேக்கா என்றால் குழைந்து நடிக்கிற ஆள் என்று அவரே ஊகித்துக்கொள்ளவேண்டும். தமிழை அவள் தடுக்கித் தடுக்கிப் பேசுவது அவருக்குப் பிடித்திருந்தது. அந்த ஒன்றிலாவது அவர் மேலே இருந்தார்.

கசப்பு எந்த நாளில் தொடங்கியது என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. ஆனால் டீக்கடையில் ஒரு சாயங்காலம் நடந்தது நெஞ்சில் தங்கிவிட்டது. ஸ்மிதா ஏதோ கதை சொன்னாள், வங்காளியில். அவளுடைய வங்காளி மாமியார் மீன் வாங்கப் போன கதையோ என்னவோ. தேபாஷிஷ் தத்தா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எப்போதும் முறைத்துக்கொண்டிருக்கும் கணக்குப் பிரிவு ஆள் அவளுக்குத் தன் ஜால்முடி காரப்பொரிப் பொட்டலத்தை நீட்டினான். சேர்ந்து இரண்டு மாதம் ஆகாத ஒருத்தி. வேலாயுதம் பல வருஷமாக அந்த வட்டத்தின் ஓரத்தில் நின்றிருக்கிறார். அவரிடம் யாரும் ஒரு பொட்டலத்தை அப்படி, கேட்காமல், பேச்சுக்கு நடுவில் நீட்டியதில்லை.

அன்று திரும்பும்போது தலைவலி என்று சொல்லி அடுத்த ரயிலுக்குக் காத்திருந்து தனியாகப் போனார்.

ஜனவரிக் கூட்டத்தில் ஸ்மிதா திட்டத்தைச் சொன்னாள். சர்வர்களையும் டிஸ்க்குகளையும் இணைக்கத் தனியாக ஓர் அதிவேக நெட்வொர்க் ஏற்கெனவே இருக்கிறது. டேப் லைப்ரரியை வேலாயுதத்தின் சர்வரிலிருந்து கழற்றி அந்த நெட்வொர்க்கில் மாட்டிவிட்டால் எல்லா சர்வருக்கும் டிரைவ்கள் தெரியும். எது காலியாக இருக்கிறதோ அதை எடுத்து, நேராக எழுதி, முடிந்ததும் விட்டுவிடலாம். யாரும் யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

கடைசி வாக்கியத்தை அவள் கேட்பவர்களுக்கு நல்ல செய்தியாகத்தான் சொன்னாள். வேலாயுதத்துக்கு அது மேஜைக்கு எதிரே இருக்கிற நாற்காலியை யாரோ எடுத்துக்கொண்டு போவதுபோல இருந்தது.

"ரெண்டு சர்வர் ஒரே நேரத்துல ஒரே டிரைவைப் பிடிச்சா?" என்று கேட்டார். "ஒண்ணு எழுதறது மேல இன்னொண்ணு எழுதிடும். டேப்பே நாசம். அப்புறம் யார் பொறுப்பு?"

"சரியான கேள்வி சார்" என்றாள். அந்தப் பாராட்டே எரிந்தது. "ஒரு சர்வர் டிரைவை எடுத்ததும் அதுக்கு ஒரு பூட்டு விழுந்துடும். அது விடற வரைக்கும் இன்னொண்ணு உள்ள வர முடியாது. காத்துண்டு இருக்கும்."

தேபாஷிஷ் தத்தா மேஜையைத் தட்டி, "தாருண்!" என்றார். பிரமாதம் என்று அர்த்தம்.

வேலை மாசிமாத வாக்கில் முடிந்தது. தன் சர்வரிலிருந்து அந்த கேபிள்களை வேலாயுதமே கழற்ற வேண்டியிருந்தது. "நீங்க வச்சிருந்த மாதிரி சுத்தமா ஒருத்தரும் வச்சிருக்க மாட்டா சார், ஒவ்வொரு கேபிளுக்கும் பேர் எழுதி!" என்று ஸ்மிதா வியந்தாள். வச்சிருந்த, என்றாள். அவர் காதில் விழுந்தது அந்த இறந்தகாலம் மட்டும்தான்.

முதல் ராத்திரியே ஹவுராவின் நகல் விடிவதற்குள் முடிந்துவிட்டது. ஹவுராதான் இருப்பதிலேயே பெரிய மையம், மத்தியானம்வரை இழுத்துக்கொண்டிருந்தது. அலுவலகத்தில் ரசகுல்லா பானை வந்தது. எல்லோரும் ஸ்மிதாதி, ஸ்மிதாதி என்றார்கள், ஸ்மிதா அக்கா என்று. வேலாயுதத்தின் தட்டிலும் இரண்டு ரசகுல்லா வைத்தார்கள். அவர் ஒன்றைத் தின்றார். மற்றதைத் தட்டிலேயே விட்டார்.

அதன்பின் அவருடைய மேஜைக்கு யாரும் வரவில்லை. கோபித்துக்கொண்டு வராமலிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். வர வேண்டிய வேலை இல்லை, அவ்வளவுதான். காரிடாரில் எதிர்ப்பட்டால், "கீ கபோர், வேலுதா?" என்று, என்ன சேதி என்று விசாரித்தபடியே நடந்து போனார்கள். பதிலுக்கு நிற்பதில்லை. ஸ்மிதாவின் மேஜைப் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம் வரும். அது தன்னைப் பற்றியதோ என்று ஒவ்வொரு தடவையும் காதைத் தீட்டுவார். அது அவரைப் பற்றியதாக ஒருபோதும் இருந்ததில்லை. அதுவும் வலித்தது.

வீட்டில் அவர் புலம்பியது எல்லாம் சாவித்ரியிடம் எடுபடவில்லை. "வேலை சீக்கிரம் முடியுதுன்னா நல்லதுதானே? நீங்களும் காலாகாலத்துல வீட்டுக்கு வரலாம்" என்றாள். அவளுக்கு ஸ்மிதாவைப் பிடித்துப்போயிருந்தது. பருப்புப்பொடி தீர்ந்ததும் ஸ்மிதாவே ஃபோனில் செய்முறை கேட்டாள். பிறகு அடிக்கடி பேசிக்கொண்டார்கள். சித்திரை முதல் நாள் தன் பெற்றோர் வீட்டுக்குச் சாப்பிட வரும்படி இருவரையும் அழைத்தாள். வேலாயுதம் தட்டிக்கழிக்கப் பார்த்தார். சாவித்ரி பட்டுப்புடவையை எடுத்து வைத்துவிட்டாள்.

லேக் கார்டன்ஸ் வீட்டில் மாங்காய்ப் பச்சடி, பருப்பு வடை, பாயசம். ஸ்மிதாவின் அம்மா ஜகதாம்பாள், "வெக்கப்படாம சாப்பிடுங்கோ" என்று இலையை விட்டு எழவிடவில்லை. அப்பா ஸ்ரீனிவாசராகவன் நல்ல மனிதர்தான். ஆனால், "கரக்பூரா? ரயில்வேயா? ஓஹோ" என்று அவர் இழுத்த அந்த ஓஹோவை வேலாயுதம் வடையோடு சேர்த்து மென்றார். சுவரில் ஸ்மிதா பட்டம் வாங்கும் புகைப்படம் இருந்தது. பக்கத்தில் அவளும் அவளுடைய வங்காளிக் கணவனும் தார்ஜீலிங்கில். கணவன் பரிமாற உதவிக்கொண்டே, "சாம்பார் இன்னும் கொஞ்சம்?" என்று தமிழில் கேட்டான். வங்காளியான அவனுக்குக்கூட வேலாயுதத்தின் வங்காளியைவிட நன்றாகத் தமிழ் வந்தது.

"எங்க டைரக்டர் ஹைதராபாத்துல ஒரு மீட்டிங்குக்கு என்னைப் போகச் சொல்லியிருக்கார் அப்பா" என்றாள் ஸ்மிதா. "இந்த டேப் விஷயத்தை எல்லா ஊர் ஸ்கேன் கம்பெனி ஆளுக்கும் நான் சொல்லணுமாம். சார்தான் வரணும்னு நான் சொன்னேன். பெட்டியைப் பத்தி அவருக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாது."

"அதெல்லாம் வேண்டாம்மா. உன் ஐடியா, நீ போ" என்றார் வேலாயுதம். வாயில் பாயசம் இனித்தது. மனசுக்குள், என் பெட்டியைக் கொண்டுபோய் நீ ஹைதராபாத்தில் காட்டப்போகிறாய் என்று இருந்தது. திரும்பும் வழியில் ரிக்‌ஷாவில் சாவித்ரி, "என்ன பொண்ணு பாருங்க, நமக்கு இப்படி ஒண்ணு இருந்திருக்கலாம்" என்றாள்.

மறுநாள் வங்காளப் புத்தாண்டு, பொய்லா பொய்ஷாக் விடுமுறை. அதற்கு அடுத்த நாள் அலுவலகத்தில் அவர் அதைச் செய்தார்.

சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும் முன், பெட்டியிலிருந்த நான்கு காலி டேப்புகளைத் தன் சர்வரிலிருந்து, அதே அதிவேக நெட்வொர்க் வழியாக, நான்கு டிரைவிலும் ஏற்றினார். ஒரு முனையிலிருந்து மறு முனைவரை அவற்றை ஓட்டிப் பார்க்கிற வேலையைத் தொடங்கிவிட்டார். பழைய டேப்புகள் நல்லபடியாக இருக்கின்றனவா என்று சரிபார்க்கும் வேலை அது என்று பெயர் வைத்தார். நான்கு டிரைவுக்கும் பூட்டு விழுந்தது. மற்ற சர்வர்கள் எல்லாம் காத்துக்கொண்டு நின்றன. காலையில் பர்தமான்காரர் பதற்றத்தோடு ஓடி வந்தார். "வேலுதா, ராத்திரி எங்க நகல் போகவேயில்லை, என்ன ஆச்சு?"

அந்தக் குரலில் அந்தப் பெயரைக் கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது!

"புது ஏற்பாடு பாருங்க. இப்படித்தான் ஏதாவது ஆகும்" என்றார் வேலாயுதம். எழுந்து போய், வேலையை நிறுத்தி, பர்தமானுக்கு வழி விட்டார். பர்தமான்காரர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஸ்மிதா மத்தியானம் வந்து நின்றாள். டிரைவ்களைப் பிடித்துவைத்திருந்தது எந்த சர்வர் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. குற்றம் சொல்ல வந்தவளாக இல்லை. "சார், அந்த சரிபார்க்கற வேலையைப் பகல்ல வச்சுக்கலாமா? ராத்திரின்னா மத்தவாளுக்கு இடிக்கறது."

"பகல்ல எனக்கு வேற வேலை இருக்கும்மா. பழைய டேப்பெல்லாம் கெட்டுப்போச்சான்னு பாக்கறது என் பொறுப்பு. நாளைக்கு ஒண்ணு படிக்கலைன்னா என்னைத்தான் கேப்பாங்க."

"அதுவும் சரிதான்" என்று யோசித்தாள். மூத்தவரிடம் அதற்குமேல் பேச அவளுக்குச் சங்கடமாக இருந்தது. அவர் பழைய டேப்புகளைப் பார்க்கிறார் என்று நம்பினாள். காலி டேப்புகளை யாராவது ராத்திரி முழுக்க ஓட்டிக்கொண்டிருப்பார்கள் என்று எந்த மனுஷிக்குத் தோன்றும்?

அதற்கப்புறம் அவர் நிறுத்தவில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு தொடர்ந்து. பெரும்பாலும் ஹவுராவின் முறை வரும் நேரமாகப் பார்த்துப் பிடித்தார். ரசகுல்லா வந்தது ஹவுராவுக்காகத்தானே. மற்றவர்களுக்கு, வந்து கேட்டவர்களுக்கு, விட்டுக்கொடுத்தார். ஹவுராக்காரர் ஸ்மிதாவின் ஆள். அவளிடம்தான் போய் முறையிடுவார். அவர் வேலாயுதத்திடம் வரவில்லை. வந்திருந்தால் விட்டிருப்பார், அப்படித்தான் அவர் தன்னிடமே சொல்லிக்கொண்டார்.

ஸ்மிதாவின் மேஜைப்பக்கம் சிரிப்புக் குறைந்தது. டீக்கடைக்கு அவள் வருவது நின்றது. ஹைதராபாத் பயணத்தைத் தள்ளிவைத்தார்கள். அவள் கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. வேலாயுதம் அதைப் பார்த்தார். பார்த்து ஒரு திருப்தி வந்தது. அடுத்து அந்தத் திருப்தியைக் கண்டு கொஞ்சம் பயம் வந்தது. அவளுக்கு ஒரு டீ வாங்கிக்கொண்டு போய் வைத்தார்.

"தாங்க்ஸ் சார்" என்றவள், எழுந்து நின்று கேட்டாள்: "இன்னிக்கு மட்டும் விட்டுடுங்கோ சார். ஹவுரா ரொம்ப நாளா போகலை. எனக்குக் கவலையா இருக்கு."

"நாளைக்கு விட்டுடறேம்மா. இன்னிக்கு ஆரம்பிச்சாச்சு."

அன்று சாயங்காலம் கால்பைசாகி அடித்தது. சித்திரை வைகாசியில் வரும் புழுதிப்புயல்தான், கல்கத்தாவுக்குப் புதிதில்லை. வானம் கறுத்து, செக்டர் ஃபைவ் சாலையோர மரங்கள் வளைந்து, எங்கோ ஒரு மின்கம்பி அறுந்தது. மின்சாரம் போய், வந்து, மறுபடி போய், பயங்கரமான ஒரு வேகத்தோடு வந்து, போனது. சர்வர் அறையில் ஒரு பக்கமிருந்து கருகின வாசனை. விளக்கு வந்தபின் பார்த்தால் ஹவுரா சர்வரின் டிஸ்க்குகள் எரிந்துபோயிருந்தன.

மையங்களில் இருக்கும் ஸ்கேன் மெஷின்கள், இடம் போதாமல், இரண்டொரு நாளில் பழைய படங்களை அழித்துவிடும். டேப்பில் ஒரு வாரத்துக்கு முந்தையது வரைதான் இருந்தது. நடுவில் ஹவுராவில் எடுத்த ஸ்கேன்கள் அத்தனையும் போயின. பாதிப்பேருக்கு ரிப்போர்ட்கூட எழுதியிருக்கவில்லை.

மறுநாள் காலைக் கூட்டத்தில் தேபாஷிஷ் தத்தாவின் முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. ஏன் நகல் இல்லை என்று கேட்டார். எல்லோரும் ஸ்மிதாவைப் பார்த்தார்கள். அவள் வேலாயுதத்தைப் பார்க்கவில்லை.

"ஒரு சர்வர் டிரைவை எவ்வளவு நேரம் பிடிச்சிருக்கலாம்னு நான் ஒரு எல்லை வச்சிருக்கணும். வைக்கலை. என் தப்பு" என்றாள் வங்காளியில்.

திட்டத்தை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. லைப்ரரியை மறுபடி வேலாயுதத்தின் சர்வரோடு இணைக்கச் சொன்னார்கள். "வேலுதா, நீங்க அன்னிக்கே எச்சரிச்சீங்க" என்றார் தேபாஷிஷ் தத்தா. வேலாயுதம் நினைத்தது எல்லாம் கைக்கு வந்துவிட்டது. அவர் தலையை ஆட்டினார்.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை இருந்தது. படம் போனவர்களை எல்லாம் ஃபோனில் கூப்பிட்டு, மன்னிப்புக் கேட்டு, இலவசமாக மறுபடி ஸ்கேன் எடுத்துக்கொள்ள வரச் சொல்லவேண்டும். அலுவலகம் முழுக்க அந்த வேலையில் உட்கார்ந்தது. வேலாயுதத்துக்கு ஸ்மிதாவுக்குப் பக்கத்து நாற்காலி கிடைத்தது. அவள் பேசுவது கேட்டது. திட்டுகிறவர்களையும் தணித்துவிடுகிற, அந்தச் சரளமான வங்காளி. அந்த நேரத்தில்கூட அவர் பொறாமைப்பட்டார்.

அவர் தன் அரைகுறை வங்காளியில், எழுதி வைத்துக்கொண்ட நாலு வாக்கியத்தையே திருப்பித் திருப்பிச் சொன்னார். சிலர் கத்தினார்கள். சிலர் வேலைக்குப் போயிருக்கிறார், சாயங்காலம் கூப்பிடுங்கள் என்றார்கள். அப்படி ஒரு எண்ணில் ஒரு பெண் எடுத்தாள். ஸ்கேன் எடுத்தவரின் பெயரைச் சொல்லி, இருக்கிறாரா என்று கேட்டார்.

"உனி தோ சோலே கேச்சேன்" என்றாள் அவள்.

போயிட்டார் என்கிறாள். வழக்கம்போல, எழுதி வைத்த அடுத்த கேள்விக்குப் போனார் வேலாயுதம். எப்போது திரும்பி வருவார்?

மறுமுனையில் சத்தமே இல்லை. இவர் மறுபடியும் கேட்டார், குரலை உயர்த்தி, தெளிவாக. எப்போது வருவார்? பக்கத்து நாற்காலியில் ஸ்மிதாவின் பேச்சு நின்றுபோனது. அந்தப் பெண் இவருடைய வங்காளியைக் கேட்டுவிட்டு, புரியட்டும் என்று ஹிந்தியில் சொன்னாள்: "மர் கயே. மங்கள்வார் கோ." செத்துப்போய்விட்டார், செவ்வாய்க்கிழமை. பிறகு, கோபமே இல்லாமல், ரிப்போர்ட் வந்துவிட்டதா என்று அவர் தினமும் கேட்டுக்கொண்டிருந்தார் என்றாள்.

போயிட்டார் என்று தமிழிலும் அதைத்தான் சொல்கிறோம். அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். ஸ்மிதா கையை நீட்டி அவரிடமிருந்து ஃபோனை வாங்கிக்கொண்டாள். "மாஷிமா..." என்று, பெரியம்மாவைக் கூப்பிடுவதுபோலத் தொடங்கி, மெதுவாக, வெகு நேரம் பேசினாள். பேசும்போது அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

ரிப்போர்ட் நேரத்துக்கு வந்திருந்தால் அந்த மனிதர் பிழைத்திருப்பாரா என்று யாருக்கும் தெரியாது. பிழைத்திருக்க மாட்டார் என்றும் யாராலும் சொல்ல முடியாது. வேலாயுதம் எழுந்தார். தேபாஷிஷ் தத்தாவின் அறைக் கதவைத் தட்டாமலே திறந்துகொண்டு போனார்.

"நான் டிரைவ்ல போட்டு வச்சிருந்த டேப்பெல்லாம் காலி டேப்" என்றார்.

தேபாஷிஷ் தத்தாவுக்கு முதலில் விளங்கவில்லை. "காலின்னா?"

"ஒண்ணுமே எழுதாத டேப். சரிபாக்க அதுல ஒண்ணும் இல்லை. மத்தவங்க எழுதக் கூடாதுன்னு போட்டேன். ஸ்மிதா மேல தப்பு இல்லை."

"கேனோ, வேலுதா?" என்றார் தேபாஷிஷ் தத்தா. ஏன்?

வேலையை விட்டு அனுப்பிவிடத்தான் மேலிடம் நினைத்தது. அவராக வந்து சொன்னதாலும், அத்தனை வருஷ சேவையாலும் விட்டுவைத்தார்கள் என்று பேச்சு. டேப், சர்வர் எதன் பக்கமும் இனி வரக்கூடாது. மையங்களுக்குப் போய் கேபிள் இழுக்கிற, கம்ப்யூட்டர் மாட்டுகிற பிரிவுக்கு மாற்றினார்கள். சம்பளமும் குறைந்தது. ஸ்மிதாவின் ஏற்பாடு மறுபடி நடைமுறைக்கு வந்தது. இந்தத் தடவை எந்த சர்வரும் டிரைவை அளவுக்குமேல் பிடித்துவைக்க முடியாதபடி எல்லை வைத்தாள். ஹைதராபாத் போய் வந்தாள்.

அவர் மன்னிப்புக் கேட்கப் போனார். அவள் முழுதும் கேட்டாள். "டீக் ஆச்சே" என்றாள், சரி என்று. அவ்வளவுதான். அன்றிலிருந்து அவரிடம் அவள் தமிழில் பேசுவதில்லை. பேச வேண்டியிருந்தால் வங்காளியில் பேசுவாள். மரியாதையாக, நிதானமாக, அவருக்குப் புரிகிற மாதிரி எளிமையாக. காலையில் எந்த ரயிலில் வருகிறாள் என்று அவருக்குத் தெரியவில்லை; காளிகாட்டில் ஏறியதும் ரயில் பெட்டி முழுக்கப் பார்ப்பார், அவள் இருக்க மாட்டாள்.

சாவித்ரியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து கேட்டாள். "அந்தப் பொண்ணு உங்களை என்ன பண்ணுச்சு?" என்று கேட்டாள். அவர் சொல்லத் தொடங்கினார். டீக்கடை, ஜால்முடி, ரசகுல்லா, ஓஹோ. ஒவ்வொன்றும் வெளியே வரும்போது எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று அவருக்கே தெரிந்து பாதியில் நிறுத்தினார். சாவித்ரி எழுந்து போய் மறுபடி அடுப்பைப் பற்ற வைத்தாள். அன்றைக்குச் சாப்பாடு போட்டுவிட்டு, தன் தட்டோடு உள்ளே போனாள்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வேலாயுதம் கிருஷ்ணநகர் மையத்தில் கேபிள் போட்டுவிட்டு முந்தின நாள்தான் திரும்பியிருந்தார். முதுகு வலித்தது. வெளியே காளி கோயில் பக்கமிருந்து கூட்டத்தின் இரைச்சல். உள்ளே சமையலறையில் சாவித்ரி ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள். மோர்க்குழம்புக்கு எப்போது தேங்காய் அரைத்து விடுவது என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள். "இல்லடி, கொதிக்க விட்டா திரிஞ்சு போயிடும்" என்றாள். பிறகு சத்தமாகச் சிரித்தாள். ஃபோனிலிருந்து இன்னொரு சிரிப்பு, தடுக்கித் தடுக்கிச் சில தமிழ் வார்த்தைகள், மெல்லியதாக வெளியே வந்தன.

அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். எழுந்து சமையலறை வாசல்வரை போய், உள்ளே போகாமல் நின்றார். இந்த வீட்டில் இப்படிச் சிரிக்கிற சத்தம் அவருக்காக எழுந்து எத்தனை காலம் ஆகிறது. ஃபோனைப் பிடுங்கி வைத்துவிடவேண்டும் போல ஒரு வேகம் வந்தது. கை தானாக நிலைக்கதவைப் பிடித்தது. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

சாவித்ரி பேசி முடித்துத் திரும்பினாள். அவர் நிற்பதைப் பார்த்தாள்.

"யாரு?" என்றார், தெரிந்தே.

"ஸ்மிதா. அவ அம்மாவுக்கு மூட்டு வலியாம். நாளைக்குப் போய்ப் பாத்துட்டு வரலாம்னு இருக்கேன்."

"என்னைப் பத்தி ஏதாவது கேட்டுதா?"

சாவித்ரி கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்லலாமா என்று யோசித்த மாதிரி இருந்தது. "இல்ல" என்றாள். "உக்காருங்க, சாப்பாடு போடறேன்."

அவர் போய் உட்கார்ந்தார்.